பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார் என்றால் அவன்மேல் என்ன குற்றம்? (சுயசித்தம், தேவநீதி: வாலிபர் பாடத்துக்கு உதவி தேவை)

கேட்டவர்: வெள்ளிமாலை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகையில் இரண்டு வாரப் பாடம், வாரத்துக்கு 45 நிமிஷம். வயது 17 முதல் 25 வரை. தலைப்பு "சுயசித்தமும் தேவநீதிக்குள் நடப்பதும்". கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்தவை மூன்று:

1. யாத்திராகமத்தில் கர்த்தரே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்திவிட்டு, அப்புறம் அவனையே தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

2. பிலிப்பியர் 2:12 "பிரயாசப்படுங்கள்" என்கிறது. அடுத்த வசனமே விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்கிறது. அப்படியானால் என் பங்கு எது?

3. வேதத்தில் நேராகச் சொல்லாத காரியங்களில் (பக்கத்து வீட்டுப் படையல், வேலை, கல்யாணம்) நானே முடிவெடுக்கலாமா, ஒவ்வொன்றுக்கும் "தேவசித்தம்" தேட வேண்டுமா?

"பாதி தேவன், பாதி நாம்" என்று சொல்லி முடித்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. சபையில் லுத்தரன் பின்னணி, மெதடிஸ்ட் பின்னணி, பெந்தெகொஸ்தேயிலிருந்து வந்தவர்கள் என எல்லாரும் உண்டு. சண்டை மூளாமல் நடத்த வழி சொல்லுங்கள்.

---

ஓலைப்பெட்டி

முதல் கேள்விக்கு விளக்கம் சொல்லாதீர்கள், எண்ண விடுங்கள். யாத்திராகமம் 7 முதல் 10 வரை நான்கு அதிகாரங்களைப் பிரதி எடுத்து, ஆளுக்கு மூன்று நிறப் பென்சில் கொடுங்கள். "பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான்" என்று வரும் இடம் சிவப்பு. "கர்த்தர் கடினப்படுத்தினார்" நீலம். யார் செய்தது என்று சொல்லாமல் "கடினப்பட்டது" என்று மட்டும் வந்தால் கறுப்பு. இதற்கு 15 நிமிஷம் போதும்.

கிடைக்கும் வரிசை இதுதான். கோல் சர்ப்பமான இடத்தில் (7:13) கறுப்பு. தண்ணீர் இரத்தமானபின் (7:22) கறுப்பு. தவளை (8:15) சிவப்பு. பேன் (8:19) கறுப்பு. வண்டு (8:32) சிவப்பு. மிருகஜீவன்களின் சாவு (9:7) கறுப்பு. கொப்புளம் (9:12), இங்கேதான் முதல் நீலம். கல்மழை (9:34) மறுபடி சிவப்பு. வெட்டுக்கிளி (10:20), இருள் (10:27) இரண்டும் நீலம். ஐந்து வாதைகள் முடிந்து ஆறாவதில்தான் "கர்த்தர் கடினப்படுத்தினார்" என்று கதை சொல்கிறது. பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்தால் நாம் பேச வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இன்னொன்று. தமிழில் எல்லாம் "கடினம்" என்றே ஒலிக்கிறது. எபிரெயத்தில் மூன்று வெவ்வேறு வினைகள். 'காபேத்' என்றால் பாரமாக்குவது, மந்தமாக்குவது. பார்வோன் தானே செய்வதாக வரும் 8:15, 8:32, 9:34 மூன்றிலும் இதுதான். 'ஹாசாக்' என்றால் உறுதியாக்குவது, பலப்படுத்துவது. 9:12, 10:20, 10:27 ஆகிய நீல இடங்களில் இது. யோசுவா 1:6-ல் "பலங்கொண்டு" என்று வருகிறதே, அதே வேர்தான். மூன்றாவது 'காஷா', 7:3-ல் வருகிறது. கர்த்தர் அவனுக்குள் இல்லாத கெட்ட எண்ணம் ஒன்றைப் புதிதாகப் போடவில்லை, அவன் பிடித்த பிடியிலேயே நிற்க அவனுக்கு உறுதி கொடுத்தார் என்று வாசிக்க இந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

8:15-ஐ மட்டும் நிதானமாக வாசிக்க வையுங்கள். அங்கே "இலகு" உண்டானதைக் கண்டபோதுதான் அவன் மனம் கடினமாகிறது. தவளை இருக்கும்வரை மோசேயைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்கிறான், தவளை செத்ததும் பேச்சு மாறுகிறது. கல்மழையிலும் அதே கதை. 9:27-ல் "கர்த்தர் நீதியுள்ளவர்" என்று அவன் வாயே சொல்கிறது. மழை நின்றதும் 9:34. தேவநீதியை ஒப்புக்கொள்வது வேறு, அதற்குக் கீழ்ப்படிவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

---

தரங்கைவாசி

ஓலைப்பெட்டி ஐயா சொன்ன நிறப் பென்சில் பயிற்சி நல்லது. ஆனால் "முதல் ஐந்து பார்வோன், அதன்பின் கர்த்தர்" என்று பலகையில் எழுதி மூடிவிட்டால் கூர்மையான ஒரு பிள்ளை உடைத்துவிடும். இரண்டு ஓட்டைகள் உண்டு.

ஒன்று, 4:21. மோசே எகிப்துக்குப் போய்ச் சேருமுன்பே "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தர் சொல்லிவிட்டார். 7:3-லும் அப்படியே. 7:13, 7:22-ல் "கர்த்தர் சொல்லியிருந்தபடி" என்ற சொற்களும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே அந்தக் கறுப்புகள் நீலத்தோடு தொடர்பே இல்லாதவை அல்ல.

இரண்டாவது இன்னும் வலுவானது. 9:34, 9:35, 10:1 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கல்மழை நின்றபின் நடந்த ஒரே காரியம். 9:34-ல் பார்வோனும் ஊழியக்காரரும் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினார்கள், அதை "பாவஞ்செய்து" என்றே வசனம் சொல்கிறது. 9:35-ல் இருதயம் கடினப்பட்டது. 10:1-ல் கர்த்தர், "நான் கடினப்படுத்தினேன்" என்கிறார். அடுத்தடுத்த மூன்று வசனம், மூன்று நிறம், நடந்தது ஒன்று. வேதம் இதைப் பாகம் பிரித்து இவ்வளவு அவன், இவ்வளவு இவர் என்று கணக்குக் கொடுக்கவில்லை. ரோமர் 9:17-18-ல் பவுல் பார்வோனை எடுக்கும்போதும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 9:19-ல் உங்கள் பிள்ளைகளின் கேள்வியையே எழுப்புகிறார், "அப்படியானால் அவர் இன்னும் ஏன் குற்றம்பிடிக்கிறார்" என்று. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். தங்கள் கேள்வி பவுலின் நிருபத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கும்.

இப்போது அந்தப் "பாதி பாதி". தயவுசெய்து வேண்டாம். உங்கள் சபையில் இருக்கும் எந்தப் பாரம்பரியமும் அதைச் சொல்லவில்லை. பலர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும், வரிசையாகப் பாருங்கள்.

பெலேகியஸ் என்பவர் மனுஷன் தன் சொந்த பலத்தாலேயே பாவமின்றி நடக்க முடியும் என்ற வழியில் போதித்தார். 418-ல் கார்த்தேஜ் சங்கம் (சபைத் தலைவர்கள் கூடிய ஆலோசனைக் கூட்டம்) அதைத் தள்ளியது. 529-ல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் ஒரு படி மேலே போய், விசுவாசத்தின் தொடக்கமே கிருபையால்தான் என்றது. அதே மூச்சில், தேவன் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதையும் மறுத்தது. எராஸ்மஸ் 1524-ல் சுயசித்தத்துக்கு ஆதரவாக எழுத, லுத்தர் 1525-ல் சித்தம் அடிமைப்பட்டிருக்கிறது என்று பதில் எழுதினார். ஆனால் லுத்தரன் சபைகளின் ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530) 18-வது பிரிவில் நிதானமாக ஒரு கோடு போடுகிறது. ஊர் உலகத்துக்கு முன்பான ஒழுக்கத்தில், அறிவுக்கு எட்டும் காரியங்களில், மனுஷ சித்தத்துக்கு ஓரளவு சுயாதீனம் உண்டு. தேவனுக்கு முன்பான நீதியைப் பரிசுத்த ஆவியில்லாமல் அதனால் உண்டாக்க முடியாது. இந்த ஒரு கோடு பாடத்தில் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். திருடாமலிருக்க ஒருவனால் முடியும். தேவனை முழு இருதயத்தோடும் நேசிக்கத் தானாக முடியாது.

ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரிவுகளில் 10-வது இதே விஷயம்தான், மனுஷன் தன் இயல்பான பலத்தால் தன்னைத் தேவனிடம் திருப்ப முடியாது என்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1784-ல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கென்று பிரிவுகளைச் சுருக்கியபோதும் இதை வெட்டவில்லை. அர்மீனியர்கள் (நெதர்லாந்தில் அர்மீனியஸின் வழிவந்தவர்கள்) "சுயசித்தத்தால் இரட்சிப்பு" என்றார்கள் என்பது மேடையில் அடிக்கடி கேட்கும் தவறு. 1610-ல் அவர்கள் கொடுத்த ஐந்து பிரிவுகளில் மூன்றாவதே, இரட்சிக்கும் கிருபை மனுஷனுக்குத் தன்னாலோ தன் சுயசித்தத்தின் பலத்தாலோ கிடையாது என்கிறது. சண்டை நான்காவதில். கிருபையை மனுஷன் எதிர்த்து நிற்க முடியும் என்றார்கள். அதற்குப் பதிலளித்த தோர்த் சங்கம் (1618–19) கிருபை நிச்சயம் ஜெயிக்கும் என்றது, ஆனால் அதுவும் தேவன் மனுஷரை உணர்வில்லாத கட்டையாகவும் கல்லாகவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, அதைக் குணமாக்குகிறார் என்று எழுதிவைத்தது. கத்தோலிக்கர் பக்கம் திரெந்து சங்கம் 1547 ஜனவரியில், கிருபையில்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்பவனைச் சபித்தது. தேவன் அசைக்கும்போது சித்தம் வெறுமனே கிடக்கிறது என்பவனையும் சபித்தது.

ஆகவே வித்தியாசம் "கிருபை வேண்டுமா" என்பதில் இல்லை. "வரும் கிருபையைத் தட்டிவிட முடியுமா" என்பதில். வாலிபர் கூடுகையில் அந்த இடம்வரை வந்து நின்றால் போதும், யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள்.

---

வெள்ளிமாலை

நன்றி ஐயா. 10:1 கண்ணில் படவே இல்லை. அப்படியானால் பிலிப்பியர் 2:12-13-ஐ எப்படிச் சொல்வது? "பாதி பாதி" இல்லையென்றால் "முழுதும் முழுதும்" என்றா?

---

ஓலைப்பெட்டி

தரங்கைவாசி சொன்ன திருத்தம் சரி, பலகையில் "ஐந்துக்குப்பின்" என்று எழுதும் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எண்ணிக்கையைக் காட்டி, உடனே 10:1-ஐக் காட்டுங்கள்.

பிலிப்பியர் விஷயத்தில் ஒரே ஒரு சொல்லில் நிற்கச் சொல்லுங்கள், 13-ம் வசனத்தின் முதல் சொல். "ஏனெனில்". பவுல் "ஆனாலும்" போடவில்லை. தேவன் உங்களில் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறார், அதனால்தான் பிரயாசப்படுங்கள் என்கிறார். தேவனுடைய வேலை நம் முயற்சிக்குப் போட்டியாக வரவில்லை, காரணமாக வருகிறது. மோட்டார் ஓடுகிறது, ஏனெனில் கரண்ட் வருகிறது என்று சொன்னால் மோட்டார் பாதி கரண்ட் பாதி என்று யாரும் பிரிக்க மாட்டார்கள். உவமை இதற்குமேல் தாங்காது, நீட்டாதீர்கள். மோட்டாருக்கு மனசு இல்லை.

"உங்கள்" பன்மை என்பதையும் சொல்லுங்கள். அடுத்த கட்டளை 2:14, முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யச் சொல்கிறது. 4:2-ல் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பேரைப் பெயர் சொல்லியே ஒருமனப்படச் சொல்கிறார். இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுவது அந்தச் சபையில் எதில் தெரிய வேண்டியிருந்தது என்றால், அவர்களுக்குள் இருந்த வாய்ச்சண்டை நிற்பதில்.

---

கடுகுவிதை

நான் ஒன்று சொல்லட்டுமா? முதல் வாரத்துக்குப் பார்வோனையே எடுக்காதீர்கள். அது கடினமான கேஸ், 45 நிமிஷத்தில் பாதி நேரம் தேவனுக்கு வக்கீல் வேலை பார்த்தே போய்விடும். லூக்கா 18, 19 எடுங்கள். பார்வோனை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள்.

லூக்கா இரண்டு பணக்காரரை அடுத்தடுத்து வைக்கிறார். 18:18-ல் ஒரு தலைவன். கற்பனைகளைச் சிறுவயதுமுதல் கைக்கொண்டவன். அவனுக்கு நேரான கட்டளை 18:22-ல், எல்லாவற்றையும் விற்றுக் கொடு. யாரும் அவன் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, சொத்து அவனுடையது, முடிவு அவனுடையது. ஆனாலும் முடியவில்லை. துக்கப்பட்டான், அவ்வளவுதான். "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்ற கேள்விக்கு 18:27, மனுஷரால் கூடாதவை தேவனால் கூடும்.

ஓர் அதிகாரம் தள்ளி எரிகோ. சகேயு ஐசுவரியவான் என்று 19:2 மறக்காமல் குறிக்கிறது. இங்கே இயேசு ஒரு தொகையும் கேட்கவில்லை. "இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பது மட்டும்தான். 19:8-ல் இவனாக எழுந்து, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய் என்கிறான்.

இங்கே கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருவனிடம் 100 காசு அநியாயமாய் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். தானே ஒப்புக்கொண்டு திருப்புகிறவனுக்கு லேவியராகமம் 6:5, எண்ணாகமம் 5:7 சொல்வது முதலும் ஐந்தில் ஒரு பங்கும், அதாவது 120. திருடிய ஆட்டை அடித்துவிட்டவனுக்கோ விற்றுவிட்டவனுக்கோ யாத்திராகமம் 22:1 ஒன்றுக்கு நாலு. ஆடு உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் 22:4-ன்படி இரட்டிப்பு. சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. 120 கொடுத்தால் சட்டம் திருப்தி. அவன் 400 என்கிறான், கையும் களவுமாகச் சிக்கின ஆட்டுத்திருடனைவிடக் கடுமையான அபராதத்தைத் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறான்.

கட்டளை வந்தவன் தோற்றான், விருந்தாளி வந்தவன் கொடுத்தான். கிருபை முன்னே வந்தது (19:5), தெரிவு அவனுடையதாகவே இருந்தது (19:8). பிலிப்பியர் 2:13 நடந்து காட்டினால் இப்படித்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "கொடுக்கிறேன்" என்பது கிரேக்கத்தில் நிகழ்காலம். அதைப் பிடித்துக்கொண்டு, சகேயு முன்பிருந்தே இப்படிக் கொடுத்துவந்தான், தன்னைக் குறைசொன்னவர்களுக்கு விளக்கம் சொல்கிறான் என்று வாசிப்பவர்களும் உண்டு. யாராவது கேட்டால் 19:9-10 காட்டுங்கள். "இன்றைக்கு" இரட்சிப்பு வந்தது, "இழந்துபோனதைத்" தேட வந்தார் என்று வருவதால் புதிய தீர்மானம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

---

சந்தைமேடு

மூன்றாவது கேள்விக்கு யாரும் கை வைக்கவில்லை, எனக்கு அதுதான் பிடித்தது.

படையல் பற்றி 1 கொரிந்தியர் 10-ல் பவுல் மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார். நம் ஆட்கள் மூன்றையும் ஒன்றாகக் குழைத்து "தொடாதே" அல்லது "ஒன்றும் ஆகாது" என்று முடித்துவிடுகிறார்கள். முதலாவது, வழிபாட்டுப் பந்தியிலேயே போய் உட்காருவது: கூடாது (10:20-21). இரண்டாவது, கடையில் விற்பது: வாங்கிச் சாப்பிடு, விசாரிக்காதே (10:25). மூன்றாவது, அவிசுவாசி வீட்டு அழைப்பு: போக மனதிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, விசாரிக்காதே (10:27). ஆனால் இது படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் விட்டுவிடு (10:28). ஏன் என்றால் அவனுடைய மனச்சாட்சிக்காக, உன் மனச்சாட்சிக்காக அல்ல என்று 10:29 திட்டமாய்ச் சொல்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தட்டை நீட்டி "சாமிக்குப் படைச்சதும்மா" என்று சொல்வது மூன்றாவதா நான்காவதா என்று இழுக்க வேண்டியதில்லை, அது 10:28 தான். அன்பாக, முகம் சுளிக்காமல் மறுக்கலாம். அதே அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை போட்டால் 10:27. சாம்பாரை மோந்து பார்த்து விசாரணை நடத்த வேண்டாம்.

வேலை, கல்யாணம். 1 கொரிந்தியர் 7:39 விதவையைப் பற்றிப் பேசுகிறது. தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ண அவளுக்கு விடுதலை உண்டு, ஆகிலும் கர்த்தருக்குட்பட்டவனையே. வேலி ஒன்று, வேலிக்குள்ளே இஷ்டம். வேலிக்குள் மூன்று வரன் இருந்தால் அதில் "சரியானது" ஒன்றே என்று மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, தப்பாய்த் தொட்டால் வாழ்க்கை போச்சு என்ற பயம் இந்த வசனத்தில் இல்லை. முடிவெடுக்கப் பயந்து வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது, புதுவருஷ வாக்குத்தத்த அட்டையை ஜாதகம்போல் பார்ப்பது, இரண்டும் அந்தப் பயத்திலிருந்து வருவதுதான். கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் தோல் போட்டதைச் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6:14-ல் அவனுக்குக் கட்டளை ஏற்கெனவே வந்துவிட்டது, தோல் போட்டது 6:36-ல். சித்தம் தெரியாமல் போடவில்லை, தெரிந்தும் நம்ப முடியாமல் போட்டான்.

நடைமுறையில் இந்த வரிசை உதவும். நேரான கட்டளையோ தடையோ உண்டா? உண்டென்றால் அங்கேயே நில்லுங்கள், ஜெபித்துத் தீர்மானிக்க அதில் ஒன்றுமில்லை. லஞ்சம் வாங்கலாமா என்று ஜெபிப்பவன் பதிலை மாற்றத்தான் ஜெபிக்கிறான். தடையில்லை என்றால் 1 கொரிந்தியர் 10:23, தகுதியா, பக்தி விருத்தி உண்டாக்குமா. பலவீனமான யாருக்காவது இடறலா (ரோமர் 14:13). கடைசியாக, சந்தேகத்தோடு செய்கிறேனா (14:23). இத்தனையும் தாண்டினால் உங்கள் இஷ்டம். அதைத் தேவனுக்குப் பிடிக்காத சொல்லாக நினைக்க வேண்டாம். பிலேமோனுக்குக் கட்டளையிடப் பவுலுக்குத் துணிவிருந்தது (8-ம் வசனம்). ஆனாலும் நன்மை கட்டாயத்தினால் வராமல் மனப்பூர்வமாய் வரட்டும் என்று காத்திருந்தார் (14).

---

வெள்ளிமாலை

ரொம்ப உதவி. முதல் வாரம் லூக்கா, இரண்டாம் வாரம் பார்வோனும் படையலும் என்று மாற்றிக்கொள்கிறேன். "தேவநீதி" என்ற சொல்லையே பிள்ளைகள் ஏதோ வானத்துச் சமாச்சாரமாக நினைக்கிறார்கள். தரைக்குக் கொண்டுவர ஒரு வசனம்?

---

கடுகுவிதை

லேவியராகமம் 19:36. "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும், சுமுத்திரையான மரக்காலும், சுமுத்திரையான படியும்". இந்தச் "சுமுத்திரையான" (சரியான அளவுள்ள) என்று வரும் நாலு இடத்திலும் எபிரெயத்தில் இருப்பது 'ட்சேதெக்', நீதி. நீதியின் தராசு, நீதியின் கல். ஆபிரகாமுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற ஆதியாகமம் 15:6-லும் அதே வேர்ச்சொல்தான். தமிழில் வாசிக்கும்போது அந்த உறவு காதில் விழாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

(மரக்கால் என்று இருக்கும் இடத்தில் மூலத்தில் ஏப்பா, ஏறக்குறைய 22 லிட்டர். படி என்பது ஹின். நம் மரக்கால் அவ்வளவு பெரிதல்ல. மொழிபெயர்த்தவர்கள் ஜனங்கள் கையில் புழங்கும் அளவையைப் போட்டுவிட்டார்கள், நல்லதுதான்.)

அதோடு உபாகமம் 25:13. பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்கள் வைத்திருக்க வேண்டாம். வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சின்னக் கல். அதுதான் தொழில் ரகசியம். அந்த வசனத்தில் தடை எங்கே விழுகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். சின்னக் கல்லால் நிறுத்து விற்காதே என்று இல்லை, பையில் வைத்திருக்காதே என்று இருக்கிறது. ஒரு சின்னத் துணிப்பையும் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கல்லும் கொண்டுபோங்கள், ஒன்றைக் கொஞ்சம் கனம் குறைவாகப் பார்த்து எடுங்கள். கையில் வாங்கிப் பார்க்கட்டும்.